சொந்த வீட்டிலிருந்து மூன்று வாடகை வீடுகளுக்கு

2018 அக்டோபரில், மும்பை செம்பூரில் 29 ஆண்டுகள் குடியிருந்த எங்கள் சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியைச் சொசைட்டி எனப்படும் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, நான்கு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு நானும் என் கணவரும் குடிபோனோம். அப்போது எனக்கு 63 வயது, அவருக்கு 68. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் ஒப்பந்தத்தில், 30 மாதங்களில் புது வீட்டுச் சாவி தருவதாக எழுதியிருந்தது. சாவி என் கைக்கு வந்தது 2023 டிசம்பரில். இடைப்பட்ட ஐந்து ஆண்டு இரண்டு மாதங்களில் மூன்று வாடகை வீடுகள் மாறினோம். மூன்றாவது வீட்டுக்கு நான் மட்டுமே போனேன்.

வயதான காலத்தில் சொந்த வீடு நல்லதா, இருப்பதை விற்றுவிட்டு வாடகைக்குப் போவது நல்லதா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பணக் கணக்கோடுதான் வருகிறார்கள். அந்தக் கணக்கு அவசியமானது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வீட்டுப் பத்திரம் கையில் இருக்கும்போதே வாடகை வீட்டில் வாழ நேர்ந்ததால், கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு என்று எனக்குத் தெரியவந்தது. இந்த வீட்டை விட்டு நான் எப்போது போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? என் உடம்பு தளரும்போது இந்த வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா?

முதல் கேள்வியின் பொருளை எனக்குக் காட்டியது மாட்டுங்காவில் என் மாமனார் வாழ்ந்த வீடு. 1980இல் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நான் வந்து இறங்கிய அந்த வீடு பக்டி முறையில் எடுத்தது. உள்ளே வரும்போது வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் மாதாமாதம் பெயரளவுக்கு வாடகை கட்டிவருவதுதான் பக்டி. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் அந்த வாடகைகளை உயரவிடாமல் கட்டிவைத்தது. அதன் இடத்துக்கு 1999இல் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோதும் பழைய குடித்தனக்காரர்களுக்கு இருந்த பாதுகாப்பு தொடர்ந்தது. என் மாமனார் மாதம் 68 ரூபாய் வாடகை கட்டி, 81 வயதில், அதே வீட்டில், அதே ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடினார். கூரை ஒழுகும், கழிப்பறை பொதுவானது, பழுதுபார்க்க வீட்டுக்காரர் வரவே மாட்டார். ஆனாலும் தன்னை வீட்டைவிட்டு யாராவது எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு நாள்கூட அவருக்கு இருந்ததில்லை. அவர் கடைசிவரை வாடகைக்காரர்தான். முதுமைக்கு வேண்டியது இருக்கும் இடத்தில் நிலையாக இருக்கும் உரிமை என்றும், சொந்தப் பத்திரம் அதை அடைவதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே என்றும் நான் நம்புவது அவரைப் பார்த்துத்தான். இன்றைய வாடகை ஒப்பந்தங்களில் அந்த உரிமை அறவே இல்லை என்பதுதான் வேறுபாடு.

1989இல் நாங்கள் செம்பூரில் வாங்கியது மூன்றாம் மாடியில் 430 சதுர அடி வீடு. 1974இல் கட்டிய கட்டடம், லிஃப்ட் கிடையாது. அலுவலகக் கடன் இருவருக்கும் கிடைத்ததாலும், ரயில் நிலையத்துக்கு நடந்து போகலாம் என்பதாலும், சேடா நகர் முருகன் கோயில் பக்கம் என்பதாலும் சந்தோஷமாக வாங்கினோம். முப்பத்து நான்கு வயதில் 54 படிகள் ஒரு பொருட்டே இல்லை. 2014இல் என் கணவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். 2016க்குப் பிறகு அவர் வாரத்தில் இரண்டு முறைதான் கீழே இறங்கினார். இறங்கும் நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டுவைக்க வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தேன். சொந்த வீடுதான், யாரும் எங்களை எழுப்ப முடியாது, ஆனால் அவரால் வெளியே வரவும் முடியவில்லை. இது என் இரண்டாவது கேள்வி. ஐம்பத்தைந்து வயதில், இருவரும் திடமாக இருந்தபோதே, அந்த வீட்டை விற்று லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் இதைவிடச் சிறிய வீடாகவாவது வாங்கியிருக்க வேண்டும். அப்போது விலை வித்தியாசம் எங்கள் கைக்கு எட்டக்கூடியதாகவே இருந்தது. மனம்தான் எட்டவில்லை.

ஆகவே ரீடெவலப்மென்ட் பேச்சு வந்தபோது சொசைட்டியில் முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டப்படி கட்டுமானத் தணிக்கை கட்டாயம். எங்கள் கட்டடத்தில் தூண்களின் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்ததால் தணிக்கை அறிக்கையில் வியப்படைய ஒன்றும் இல்லை. பில்டர் தருவதாகச் சொன்னவை இவை: 545 சதுர அடி வீடு, லிஃப்ட், கட்டி முடிக்கும்வரை மாதம் 32,000 ரூபாய் இடைக்கால வாடகை, குடிமாறும் செலவு, பிற்காலப் பராமரிப்புச் செலவை ஈடுகட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் 6 லட்சம் ரூபாய் கார்பஸ் தொகை.

நாங்கள் செய்த பெரிய பிழையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று செம்பூரிலும் முலுண்டிலும் மாட்டுங்காவிலும் முதியவர்கள் பலர் அதே இடத்தில் நிற்கிறார்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் 2009இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், அதைத் திருத்தி 2019 ஜூலையில் வெளியிட்டதிலும், திட்டச் செலவில் 20 சதவீதத்துக்குப் பில்டர் வங்கி உத்தரவாதம், அதாவது அவர் வாக்குத் தவறினால் வங்கி பணம் தரும் என்ற உறுதி, தர வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் பில்டர் அதைத் தர இயலாது என்றும், அதற்குப் பதிலாக வாடகைத் தொகையைப் பதினொரு மாதத்துக்கு முன்னதாகவே காசோலையாகத் தருவதாகவும் சொன்னபோது, கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. கையில் காசோலை இருந்ததால் எங்களுக்கு உத்தரவாதம் ஒரு காகிதமாகத் தெரிந்தது. 2020 ஏப்ரலில் ஊரடங்கோடு வேலை நின்றது, வாடகையும் நின்றது. 2021 ஆகஸ்ட் வரை 17 மாதங்கள், மொத்தம் 5,44,000 ரூபாய், எங்கள் சேமிப்பிலிருந்து போயிற்று. சொசைட்டியின் வழக்கறிஞர் மூலம் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு அதில் பாதி திரும்பி வந்தது. இன்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: வங்கி உத்தரவாதம் இல்லாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்; ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியே, புது வீட்டின் மாடி, எண், பரப்பளவு குறித்த மாற்று வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள்; பில்டரின் வாடகை நின்றாலும் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் தொகை கையில் இருந்தால் மட்டுமே சம்மதக் கையெழுத்தைப் போடுங்கள்.

இனி வாடகை வீடுகளைப் பற்றி.

முதல் வீடு கிடைக்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று. சைவச் சாப்பாட்டுக் குடும்பம் என்றால் இந்த நகரத்தில் சில சொசைட்டிகளில் வீடு எளிதாகக் கிடைக்கும். அந்த அனுகூலம் எங்களுக்கு இருந்தும், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, தரகர் காட்டிய ஏழு வீடுகளில் நான்கு வீட்டுக்காரர்கள் என் கணவர் நடந்து வருவதைப் பார்த்த பிறகு மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "ஆன்ட்டி, நாளைக்கு ஏதாவது ஆனால் நான் யாரைக் கூப்பிடுவது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போனபோது புனேயில் இருக்கும் எங்கள் மகனையும் வரவழைத்தோம். அவன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே கையெழுத்தானது. வேலையில் இருக்கும் பிள்ளையோ மருமகளோ பக்கத்தில் நின்றால் வீடு கிடைப்பது எளிதாகிறது என்பதை வாடகைக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு முதியவரும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மும்பையில் இன்று கையெழுத்தாகும் வாடகைப் பத்திரங்கள் பெரும்பாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தங்கள். சட்டத்தின் பார்வையில் அது குடியிருக்கும் உரிமை அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கப்படும் அனுமதி. அந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் கட்ட நேரிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது, பதிவு செய்யாமல் விட்டால் தகராறு வரும்போது குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே, எதிரானது நிரூபிக்கப்படாதவரை, ஏற்கப்படும். பலரும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள், ஆனால் 22, 33 மாதங்களுக்கும், ஐந்து ஆண்டுகள் வரைக்கும்கூட எழுதிப் பதிவு செய்யலாம். நாங்கள் 22 மாதத்துக்கு எழுதினோம். வீட்டுக்காரர் நல்லவர், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் காலக்கெடு முடிந்ததும் வீடு வேண்டும் என்று ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டார். அவர் சொன்ன நாள் 2020 ஆகஸ்டில் வந்தது. ஊரடங்குத் தளர்வுகளின் நடுவில், இரண்டு சொசைட்டிகளின் அனுமதிக் கடிதங்களோடு, ஒரு டெம்போவில், முலுண்டில் இருந்த இரண்டாவது வீட்டுக்குப் போனோம்.

நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு வீடு மாறுவது என்றால் என்ன என்பதை அதுவரை நான் முழுதாக அறிந்திருக்கவில்லை. பழைய செம்பூர் வீட்டில் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினொரு அடி. விளக்கைப் போடாமலே அவர் எண்ணிக்கொண்டு போவார். அந்த நோயில் கால்கள் வாசற்படிகளில் சட்டென்று உறைந்து நிற்கும். பழகிய வாசலில் அதைத் தாண்ட அவர் தனக்கென ஒரு தாளத்தை வைத்திருந்தார். முலுண்டு வீட்டில் கழிப்பறை இடப்பக்கம் இருந்தது. இரண்டு மாதம்வரை ஒவ்வோர் இரவும் அவர் வலப்பக்கம் திரும்பிச் சமையலறை மேடையின் முன் போய் நின்றார். குளியலறை வாசலில் நான்கு அங்குல உயரத்தில் ஒரு கல் தடுப்பு வேறு. சுவரில் கைப்பிடி பொருத்திக்கொள்ளலாமா என்று செப்டம்பரில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். டைல்ஸ் புதியது, துளை போட்டால் விரிசல் விடும், வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. சுவரில் உறிஞ்சிக்கொண்டு நிற்கும் ரப்பர்க் கைப்பிடி ஒன்றை வாங்கி ஒட்டினேன். நவம்பரில் ஒரு காலையில் அவர் அதைப் பிடித்து எழுந்தபோது அது சுவரைவிட்டு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் துணையில்லாமல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் காலமானார்.

அந்த ரப்பர்க் கைப்பிடியை நம்பியது என் பிழை. முதியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும், சொந்தமோ வாடகையோ, முழு உடம்பின் எடையை அதன்மேல் போடக் கூடாது. சமநிலைக்காகத் தொட்டுக்கொள்ள வேண்டுமானால் அது உதவும். சுவரில் திருகிப் பொருத்தும் எஃகுக் கைப்பிடிதான் வேண்டும். ஆனால் அன்று எனக்கு உறைத்தது வேறொன்று. இரண்டு துளைகள் போடும் உரிமை எனக்கு இருந்திருந்தால் என்ற எண்ணத்தை இன்றுவரை என்னால் ஒதுக்க முடியவில்லை. சொந்த வீடு, வாடகை வீடு என்று ஒப்பிடும் பட்டியல்களில் இந்த இரண்டு துளைகளை யாரும் ஒரு வரியாக எழுதுவதில்லை.

அவர் போன ஐந்தாம் மாதம் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். ஒப்பந்தத்தில் இருபுறமும் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்ததை நான்தான் படித்துக் கையெழுத்திட்டிருந்தேன். ஒரு மாதத்துக்குள் செம்பூருக்கே திரும்பி, ஒரே அறை கொண்ட மூன்றாவது வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு குடிமாற்றத்துக்கும் தரகருக்கு ஒரு மாத வாடகை, டெம்போச் செலவு, பழைய வீட்டு டெபாசிட்டில் வெள்ளையடிப்புக்கான பிடித்தம் என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறேன். பணத்தைவிட என்னை அலைக்கழித்தவை முகவரி மாற்றங்கள். ஆதார், வங்கி, எரிவாயு, மருத்துவக் காப்பீடு, ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியத்துக்காகக் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றிதழ். வழக்கமான மருந்துக் கடைக்காரர், அவசரத்துக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண், வீட்டு வேலைக்கு வரும் பெண் ஆகியோரை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. அறுபத்தேழு வயதில் ஒரு புதிய கட்டடத்தில் யாருடைய கதவைத் தட்டலாம் என்று தெரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகிறது.

இப்போது கணக்கு. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், சயானில் இருந்த சொந்த வீட்டை 2019இல் விற்றுவிட்டு, முலுண்டில் மகள் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறார். அவர் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே முழு எண்களாக்கித் தருகிறேன். ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு விலைபோகும் வீடு மாதம் 40,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 4.8 லட்சம், வீட்டு விலையில் 3.2 சதவீதம். விற்ற பணத்துக்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 10.5 லட்சம். வாடகை போக 5.7 லட்சம் மிச்சம், அதில் வருமான வரி போகும். இதைப் பார்த்ததும் வாடகைதான் லாபம் என்று தோன்றும், முதல் ஆண்டில் அது உண்மையும்கூட. ஆனால் வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால் பதினைந்தாம் ஆண்டை நெருங்கும்போது அது 80,000 ஆகிவிடும். வைப்புத் தொகை வட்டியோ உயர்வதில்லை. அறுபத்தைந்தில் விற்றவர் எண்பதை எட்டும்போது 10.5 லட்ச வட்டியில் 9.6 லட்சம் வாடகைக்கே போய்விடும், அதுவும் மருத்துவச் செலவு மிகுதியாக இருக்கும் வயதில். ஆகவே விற்றுவிட்டு வாடகைக்குப் போகிறவர்கள் முதல் சில ஆண்டுகளில் மிஞ்சும் வட்டியைச் செலவு செய்யாமல், அதில் பெரும்பகுதியை மீண்டும் முதலோடு சேர்த்துவர வேண்டும். அந்த அக்கா இதைச் செய்கிறார். செய்யாதவர்களையும் நான் அறிவேன்.

விற்கும்போது வரியையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன்பு வாங்கிய வீட்டை இப்போது விற்றால், நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம் கட்டலாம், அல்லது விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் கட்டலாம். எது குறைவோ அது. லாபத்தில் 50 லட்சம் ரூபாய் வரை, 54இசி பத்திரங்கள் எனப்படும் அரசு நிறுவனங்களின் வரிச்சலுகைப் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் போட்டால் அந்த அளவுக்கு வரி இல்லை, ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது. முதியோர் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரைதான் போட முடியும் என்பதால், மீதிப் பணம் குறைந்த வட்டிக்கே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான தொல்லை உண்டு. சொத்து கோடியில் இருக்கும், கைச்செலவுக்குப் பணம் இருக்காது. அறுபது வயது கடந்தவர்களுக்கு 2007இலிருந்து தலைகீழ் அடமானம் என்ற வழி இருக்கிறது. வீட்டிலேயே இருந்துகொண்டு வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறலாம், கணவனும் மனைவியும் இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, பின்னர் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். 2016இல் என் கணவரின் மருத்துவச் செலவுக்காக இதை விசாரித்தேன். கட்டடத்துக்கு இன்னும் குறைந்தது 20 ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்றார்கள். 42 வயதுக் கட்டடத்தைக் காட்டி அதைப் பெற முடியவில்லை. பழைய கட்டடத்தில் இருக்கும் வீட்டைக் கடைசிக் கால வருமானமாக நம்பியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நாங்கள் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. வீடு இருவர் பெயரிலும் இருந்தது; நாமினி எனப்படும் நியமனப் படிவத்தைச் சொசைட்டியில் கொடுத்ததோடு நிற்காமல், இருவரும் உயிலும் எழுதிவைத்தோம். நியமனம் பெற்றவர் வாரிசுகளுக்காகப் பொறுப்பில் இருப்பவர்தான், அதனால் மட்டும் உரிமையாளராகிவிட மாட்டார் என்பது பலருக்குத் தெரியாது. உயில் இருந்ததால், வீட்டுக்குரிய சொசைட்டிப் பங்குச் சான்றிதழ் என் பெயருக்கு மாறுவதில் பிள்ளைகளுக்கும் எனக்கும் இடையே ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. உயிரோடிருக்கும்போதே தானப் பத்திரம் எழுதிப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிடச் சொல்லும் உறவினர்கள் எனக்கும் இருந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் அந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாக விரித்துப் பொருள்கொண்டு, அவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அப்படியிருந்தும், நீதிமன்றப் படியேறி மீட்க வேண்டிய நிலைக்கு வீட்டைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. என் பிள்ளைகள் நல்லவர்கள். அதனால்தான் அவர்களை அந்தச் சோதனைக்கு உட்படுத்த எனக்கு மனமில்லை.

புது வீட்டுக்கு வந்த பிறகும் சொந்த வீட்டின் செலவு குறையவில்லை. பழைய கட்டடத்தில் மாதப் பராமரிப்பு 2,100 ரூபாய். இப்போது லிஃப்டுகள், காவலர்கள், தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள், தீயணைப்புக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து 8,600. மாதத் தொகை 7,500 ரூபாயைத் தாண்டுவதால் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து மும்பையில் 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி கிடையாது. 430இலிருந்து 545 ஆனதில் நான் அந்தச் சலுகைக்கு வெளியே வந்துவிட்டேன். கூடுதல் சதுர அடிக்காகப் பில்டரோடு போராடும் சொசைட்டிகள் இதையும் கணக்கில் கொள்ளலாம். கார்பஸாக வந்த 6 லட்சத்தை எங்கள் கட்டடத்தில் சிலர் உள் அலங்காரத்துக்குச் செலவிட்டார்கள். நான் அதை 8.2 சதவீத வட்டிக்கு முதியோர் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். காலாண்டுக்கு 12,300 ரூபாய் வருகிறது, பராமரிப்புச் செலவு உயர்ந்த அளவில், ஜிஎஸ்டி நீங்கலாக, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது தாங்குகிறது. அந்தப் பணம் அதற்காகவே தரப்படுவது.

ஒன்பதாம் மாடி எனக்கு ஒதுக்கப்பட்டபோது காற்று வரும் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் முன்பு இரு லிஃப்டுகளும் ஒரே நாளில் நின்று, கோயிலிலிருந்து வந்த நான் கீழே மூன்று மணி நேரம் காத்திருந்தபோது, இரண்டாம் மாடியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. குளியலறையில் குடிவந்த வாரமே எஃகுக் கைப்பிடிகள் போட்டாயிற்று. வாசல் தடுப்பை எடுத்துவிட்டுத் தரையைச் சரிவாக்கச் சொல்லியிருந்தேன், அதையும் செய்துவிட்டார்கள்.

முலுண்டு அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், இதுவரை ஆறு ஆண்டுகளாக மாற்றமில்லாமல் புதுப்பித்துவருகிறார்; திரும்பி வந்து குடியேறும் யோசனை இருப்பதாகச் சென்ற மாதம் முதன்முறையாகச் சொன்னாராம். அக்கா நகலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் படித்தோம். 11 மாதம் என்பதை 33 மாதம் என்று மாற்றக் கேட்டிருக்கிறோம்; அந்தக் காலம் முழுவதும் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது, அக்கா மட்டும் உடல்நிலை காரணமாக இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம்; வீட்டை விற்றாலும் வாங்குபவர் காலக்கெடுவரை இதே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும்; வாடகை உயர்வு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; குளியலறையிலும் படுக்கையருகிலும் கைப்பிடிகள் பொருத்திக்கொள்ளலாம், காலி செய்யும்போது அக்கா செலவில் டைல்ஸை மாற்றித் தர வேண்டும். இதற்காக டெபாசிட்டை ஒரு மாத வாடகை அளவுக்கு உயர்த்தித் தரவும் அக்கா தயாராக இருக்கிறார். விற்பனை பற்றிய பிரிவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு மட்டும் விற்றால் ஆறு மாத நோட்டீஸ் தருவதாக எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். வியாழக்கிழமை பதிவு, அதற்குள் அந்த ஆறு மாதத்தை ஒன்பது மாதமாக்கித் தரக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.